குற்றவாளியைத் தேடிய கதை

சென்ற ஆண்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் நாவல்களைத் தொடர்ந்து படிக்கிறவர். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கடிதத்தில் பாதிக்கு மேல் வழக்கமான விசாரிப்புகள். கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது.

"ஐயா, உங்கள் நாவலில் வருகிற தகப்பனாரைப் போல நான் நடந்துகொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் பெண்ணை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனாலும் அவள் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறாள். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை எதற்கு என்று அவள் அம்மா கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. டாக்டர் அவளுக்கு மட்டும் வைத்தியம் செய்வார் என்று நினைத்தோம். அவரோ எங்கள் மூவரையும் சேர்ந்து வந்து உட்காரச் சொல்கிறார். எங்களை எதற்காகக் கூப்பிடுகிறார்? கூண்டில் ஏற்றுவதற்கா? உங்கள் நாவலில் போல எங்கள் வீட்டிலும் குற்றவாளி நான்தானா?"

அந்த நாவலை எழுதி வெகு காலமாயிற்று. அதிலே பதினாறு வயதுப் பெண் ஒருத்தி துன்பப்படுகிறாள். கடைசி அத்தியாயத்தில் பழி முழுவதையும் அவள் தகப்பன் தலையில் இறக்கி வைத்துவிட்டு நான் பேனாவை மூடினேன். அப்படிச் செய்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கதைக்கு ஒரு முடிவு வேண்டும். முடிவுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். படித்தவர்களும் பாராட்டினார்கள். இத்தனை வருஷம் கழித்து, நான் கற்பனை செய்த அந்தத் தகப்பனின் நிழலில் உண்மையான ஒரு தகப்பன் நின்று நடுங்குவார் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் படித்ததன் சாரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் வைத்தியம் படித்தவன் அல்ல. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று விளங்கிற்று. மனவைத்திய சாஸ்திரமும் என்னைப் போலவே வெகு காலம் குற்றவாளியைத் தேடி அலைந்திருக்கிறது. பிறகு மெல்ல மெல்ல, தட்டுத் தடுமாறி, அந்தத் தேடலைக் கைவிட்டிருக்கிறது. அது கைவிட்ட விதம் ஒரு நல்ல சரித்திரம்.

முதலில் ஒரு விளக்கம். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாரும் சாக விரும்புகிறவர்கள் அல்ல. தாங்க முடியாத மனவேதனையை உடல் வேதனையால் சற்று நேரம் அடக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒன்றுமே உணர முடியாமல் மரத்துப்போன மனசை உலுக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. உண்மையாகவே உயிரை வெறுத்தவர்களும் உண்டு. ஒரே பிள்ளையிடம் இவை மாறி மாறி வருவதும் உண்டு. ஆகவே "சும்மா பயமுறுத்துகிறாள்" என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எவருக்கும் தகாது. இப்படிச் செய்துகொள்ளும் பிள்ளைகளுக்குப் பின்னால் தற்கொலை அபாயம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதில் டாக்டர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை.

சரித்திரத்துக்கு வருவோம். ஆரம்பத்தில் குடும்பத்துக்கு வைத்தியசாலையின் உள்ளே இடமே இல்லை. மனோதத்துவத்தின் பிதாமகரான ஃபிராய்டு 1915 முதல் 1917 வரை வியன்னாவில் ஆற்றிய சொற்பொழிவுகளில், நோயாளியின் உறவினர்களைப் பற்றி நன்றாகவே அலுத்துக்கொண்டிருக்கிறார். அறுவைச் சிகிச்சை நடக்கும்போது குடும்பம் முழுவதும் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மனசைத் திறந்து பேச வருகிறவனுக்கு ஒரு தனிமை வேண்டும். ஆனால் அந்த நியாயம் நாளடைவில் சட்டமாகிவிட்டது. நோயாளி உள்ளே; உறவினர் வெளியே.

குழந்தைகள் விஷயத்தில் இந்தச் சட்டம் வேறோர் உருவம் எடுத்தது. 1909-ல் சிக்காகோவில் வில்லியம் ஹீலி என்ற டாக்டர், வழி தவறிய சிறுவர்களுக்காக ஒரு மனநல நிலையம் தொடங்கினார். அதைத் தொடர்ந்து அமெரிக்க நகரங்களில் குழந்தை வழிகாட்டு நிலையங்கள் பல எழுந்தன. 1927-ல் எமானுவல் மில்லர் லண்டனின் கிழக்குப் பகுதியிலும் ஒன்று தொடங்கினார். இவற்றின் நடைமுறை வேடிக்கையானது. குழந்தையை டாக்டர் ஓர் அறையில் பார்ப்பார். தாயாரைச் சமூக சேவகி இன்னோர் அறையில் பார்ப்பாள். மனோதத்துவ நிபுணர் பரீட்சைகள் வைப்பார். பிறகு இந்த மூவரும் கூடி உட்கார்ந்து அந்தக் குடும்பத்தைப் பற்றி விவாதிப்பார்கள். குடும்பத்தைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள் என்று சொல்லலாம். தகப்பனாரை அநேகமாக யாரும் கூப்பிடவே இல்லை.

இந்தச் சுவரில் முதல் ஓட்டையைப் போட்டவர்களுள் ஒருவர் ஜான் பௌல்பி. தாய்க்கும் சேய்க்கும் உள்ள பாசப் பிணைப்பைப் பற்றி எழுதி உலகப் புகழ் அடைந்த அதே டாக்டர்தான். யுத்தம் முடிந்ததும், 1946-ல், லண்டன் டாவிஸ்டாக் க்ளினிக்கில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவரானார். அவர் செய்த முதற் காரியங்களில் ஒன்று, பிரிவின் பெயரைக் 'குழந்தைகள், பெற்றோர் பிரிவு' என்று மாற்றியது. பெயர்ப் பலகையில் பெற்றோருக்கு இடம் கிடைத்துவிட்டது. அறைக்குள்ளே இடம் கிடைக்க இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

அவரிடம் ஓர் இளம் பையன் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தான். தன்னைக் காயப்படுத்திக்கொண்டவன் அல்ல; வீட்டாரோடு ஓயாமல் மோதிக்கொண்டிருந்த பையன். இரண்டு வருஷம் ஆகியும் முன்னேற்றம் இல்லை. வேறு வழி தோன்றாமல் ஒரு நாள் பையனையும் தாயையும் தகப்பனையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். வெகு நேரம் பெற்றோர் புகார்களை அடுக்கினார்கள். பௌல்பி பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவர்கள் பையனை நடத்திய விதமும் இந்த நிலைக்கு ஒரு காரணம் என்று சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. அவர்களுடைய சொந்த இளமையும் துன்பமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எடுத்துக் காட்டினார். பேச்சு திரும்பிற்று. சந்திப்பு முடிவதற்குள், ஒருவரையொருவர் குற்றம் சாட்ட வந்த மூன்று பேர், ஒருவர் கஷ்டத்தை இன்னொருவர் கேட்கிற மூன்று பேராக மாறியிருந்தார்கள். இந்த அனுபவத்தை பௌல்பி 1949-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஆனாலும் இதை அவர் எப்போதாவது துணைக்குக் கையாளும் உபாயமாகவே வைத்திருந்தார். தனிச் சிகிச்சையே அவருக்குப் பிரதானம்.

இனிமேல்தான் நாவலாசிரியனுக்கு உகந்த இடம் வருகிறது. 1951-ல் ஜான் எல்டர்கின் பெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் லண்டனுக்கு வந்தார். மாஸசூஸட்ஸில் உஸ்டர் நகரத்துக் கிளார்க் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். டாவிஸ்டாக் க்ளினிக்கில் சதர்லண்ட் என்ற டாக்டர் பேச்சுவாக்கில், பௌல்பி குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து வருகிறார் என்று சுருக்கமாக ஒரு வார்த்தை சொன்னார். பெல் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். பௌல்பி எப்போதுமே முழுக் குடும்பத்தையும் சேர்த்து வைத்துத்தான் வைத்தியம் செய்கிறார் போலும், என்ன துணிச்சல் என்று வியந்தார். ஊர் திரும்பியதும் தாமும் அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார். பெற்றோரும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பத்தை மொத்தமாக அழைத்து, ஆரம்பம் முதல் முடிவு வரை சேர்ந்தே பார்த்தார். நல்ல பலன் தெரிந்தது. பத்து வருஷ அனுபவத்தை 1961-ல் புத்தகமாக எழுதினார். பௌல்பி செய்யாத ஒன்றை, பௌல்பி செய்கிறார் என்று நம்பி, பெல் செய்து முடித்தார்!

குடும்ப சிகிச்சை பிறந்ததற்கு பெல் ஒருவரே காரணம் என்று நான் சொல்லவில்லை. நியூயார்க்கில் நேதன் ஆக்கர்மன் 1930-களிலிருந்தே குடும்பத்தை ஒரே உயிராகப் பார்க்க வேண்டும் என்று எழுதி வந்தார். 1960-ல் அதற்கென ஒரு நிலையமும் நிறுவினார். வேறு ஊர்களிலும் வேறு சிலர் இதே காரியத்தில் இறங்கியிருந்தார்கள். ஆயினும், காதில் தவறாக விழுந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ குடும்பங்களுக்கு ஓர் அறைக் கதவு திறந்தது என்று நினைக்கும்போது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் கதவு திறந்ததும் உள்ளே என்ன காத்திருந்தது? அங்கேதான் என் நண்பருடைய பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. உள்ளே கூண்டு காத்திருந்தது.

1948-ல் ஃபிரீடா ஃபிராம் ரைக்மன் என்ற பெயர்பெற்ற மனவைத்தியர், பிள்ளைக்கு மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்று ஒரு வகைத் தாயைக் குறிப்பிட்டார். அவர் ஏதோ ஓர் இடத்தில் சொன்ன சொல்லைப் பலர் பிடித்துக்கொண்டார்கள். 1964-ல் லேயிங், எஸ்டர்ஸன் என்ற இரு டாக்டர்கள் மனச்சிதைவு நோயாளிகளான பதினொரு பெண்களின் குடும்பங்களை ஆராய்ந்து புத்தகம் வெளியிட்டார்கள். பைத்தியம் என்பது அந்த வீடுகளுக்குள் விளங்கக்கூடிய ஒன்றுதான் என்று காட்டுவது அவர்கள் நோக்கம். படித்தவர்கள் மனசில் தங்கியதோ, வீடுதான் பைத்தியத்தை உண்டாக்குகிறது என்பது. 1971-ல் டேவிட் கூப்பர் என்பவர் குடும்பத்துக்கே மரண சாஸனம் எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் என் போன்ற எழுத்தாளர்களுக்கு இவையெல்லாம் அமிர்தமாக இருந்தன. வில்லனைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை; கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்!

குடும்பத்தை வெளியே நிறுத்துவது, அல்லது உள்ளே அழைத்துக் குற்றம் சாட்டுவது. இந்த இரண்டுக்கும் நடுவே துன்பப்பட்ட பிள்ளையின் கதி என்ன? ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் டல்ஸா நகரத்துப் பெண் ஒருத்தி, பதினேழு வயது, 1961-ல் வெகு தொலைவில் உள்ள ஹார்ட்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். தன்னை இடைவிடாமல் காயப்படுத்திக்கொண்டதால் அவளைத் தனியறையில் பூட்டி வைத்தார்கள். மருந்து கொடுத்தார்கள், மின்சார சிகிச்சை கொடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். இந்த நரகத்திலிருந்து நான் வெளியேறினால், திரும்பி வந்து மற்றவர்களையும் வெளியேற்றுவேன் என்று அவள் கடவுளிடம் சபதம் செய்துகொண்டாள். சினிமாவில் வருகிற சபதம் போல இருக்கிறது. ஆனால் அவள் அதை நிறைவேற்றினாள். அவள்தான் மார்ஷா லினஹன். பின்னாளில் வாஷிங்டன் மாநிலத்தில் பேராசிரியையாகி, தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்து, 1991-ல் அதன் பலனை ஆராய்ச்சி மூலம் காட்டியவர். தாமும் அப்படிப்பட்ட நோயாளியாக இருந்த உண்மையை 2011 வரை உலகத்துக்கு அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம், தாம் அடைபட்டிருந்த அதே ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனை.

அவள் பூட்டப்பட்ட அதே 1961-ல்தான் இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டம் வந்தது. நம் நாட்டில் அது வெகு காலம் குற்றமாகவே இருந்தது. 2017-ல் இயற்றப்பட்டு 2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன நெருக்கடிக்கு உள்ளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்றது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. போலீஸ் வருமோ, கோர்ட்டுக்குப் போக வேண்டுமோ என்று நடுங்கி எத்தனை வீடுகள் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்! குற்றவாளியைத் தேடுவது டாக்டர்களும் நாவலாசிரியர்களும் மட்டும் செய்த காரியம் அல்ல.

மேல்நாட்டில் குடும்பத்தைக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனைக்கு வித்யா சாகர் என்ற டாக்டர் தலைவராக இருந்தார். நோயாளிகள் நிரம்பி வழிந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆட்கள் இல்லை. அவர் என்ன செய்தார்? மருத்துவமனை மைதானத்தில் கூடாரங்களை அடித்தார். நோயாளியோடு உறவினர்களும் வந்து தங்குங்கள் என்றார். தாயும் தமையனும் மனைவியும் அங்கேயே தங்கி நோயாளியைக் கவனித்துக்கொண்டார்கள். டாக்டர் அவர்களை ஒன்றாக உட்கார வைத்து நோயைப் பற்றி விளக்கிச் சொன்னார். நோயாளிகள் சீக்கிரம் குணமடைந்து வீடு திரும்பினார்கள். திரும்பியவர்களை வீடும் ஏற்றுக்கொண்டது. 1957-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல நிலையத்திலும், நோயாளியோடு குடும்பத்தார் தங்குவது என்ற ஏற்பாடு வேரூன்றிற்று. இவை பெரியவர்களின் கடுமையான மனநோய்களுக்காக ஏற்பட்டவை. நான் பேசும் விஷயத்துக்கு நேரான உதாரணங்கள் அல்ல. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே குடும்பத்தை அழைத்தது விசாரணைக்கு அல்ல. கை கொடுக்க ஆள் வேண்டியிருந்தது, அதனால் அழைத்தார்கள்.

மேல்நாடும் நாளடைவில் இந்த முடிவுக்குத்தான் வந்தது. லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனை டாக்டர்கள், சாப்பிட மறுத்து உடல் மெலியும் இளம் பெண்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை 1987-ல் வெளியிட்டார்கள். நோய் சிறு வயதில் தொடங்கி, அதிக நாள் ஆகாதவர்களுக்குக் குடும்ப சிகிச்சை தனிச் சிகிச்சையைவிட நல்ல பலன் தந்திருந்தது. அந்தச் சிகிச்சையின் அஸ்திவாரமே, பெற்றோர் இந்த நோயை உண்டாக்கினவர்கள் அல்ல, இதைத் தீர்க்க உதவப் போகிறவர்கள் என்பதுதான். தலைகீழான மாற்றம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

லினஹனுடைய முறையை 1990-களில் அலெக் மில்லர், ஜில் ரேதஸ் என்ற இருவர் நியூயார்க்கில் இளம் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். மாற்றியபோது பெற்றோரையும் சேர்த்துக்கொண்டார்கள். பல குடும்பங்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்கின்றன. மனசு கொதிக்கும்போது அந்தக் கணத்தை எப்படிக் கடப்பது என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதே பாடத்தைப் பெற்றோரும் கற்றுக்கொள்கிறார்கள். 'நடுவழி' என்றே ஒரு பாடம் இருக்கிறது. கண்டிப்பின் உச்சிக்கும் போகாமல், ஆனது ஆகட்டும் என்று விட்டுவிடவும் செய்யாமல் நடுவே நடப்பது. இன்னொன்று, ஒத்துக்கொள்வது. பிள்ளை செய்ததை ஒத்துக்கொள்வதல்ல. அதன் வேதனை உண்மையானது என்று ஒத்துக்கொள்வது. "இதற்கெல்லாமா அழுவார்கள்?" என்று கேட்காமல் இருப்பது. நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் 77 இளம் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம் இந்த முறையை 19 வாரம் பிரயோகித்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது கணிசமாகக் குறைந்திருந்தது.

ஃபிலடெல்ஃபியாவில் கை டயமண்ட் என்பவரும் அவர் கூட்டாளிகளும் வகுத்த இன்னொரு முறை உண்டு. பௌல்பியின் பாசப் பிணைப்புத் தத்துவம்தான் அதற்கு அடிப்படை. டாவிஸ்டாக்கில் புறப்பட்ட நீரோடை சுற்றி வளைத்து இங்கே வந்து சேர்கிறது. இந்த முறையில் டாக்டர் ஆரம்பத்திலேயே எல்லார் முன்னிலையிலும் பிள்ளையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்: வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிற அந்த நேரத்தில், நீ ஏன் உன் அப்பாவிடமோ அம்மாவிடமோ போவதில்லை?

இந்தக் கேள்வியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். நாற்பது வருஷம் குடும்பக் கதை எழுதியவன், இந்தக் கேள்வியை என் பாத்திரம் எதனிடமும் கேட்டதில்லை. யார் உன்னைக் கெடுத்தார்கள் என்று இது கேட்கவில்லை. எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்று கேட்கிறது. பிள்ளை சொல்லும் பதில் பெற்றோருக்குக் கசக்கலாம். சொன்னால் அம்மா உடைந்துவிடுவாள் என்று இருக்கலாம்; சொன்னபோது நீங்கள் பேப்பரை மடிக்கவில்லை என்று இருக்கலாம். எதுவானாலும் அடைபட்ட வழியைத் திறக்க முடியும். குற்றவாளியை என்ன செய்ய முடியும்? தண்டிக்கத்தான் முடியும்.

இந்த முறையை 66 இளம் பிள்ளைகளிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டபோது, சாவைப் பற்றிய எண்ணங்கள் நன்றாகக் குறைந்ததாகத் தெரிந்தது. ஆனால் 2019-ல் 129 பேரிடம் நடத்திய பெரிய சோதனையில், பிள்ளையைத் தனியே ஆதரவாக உட்கார வைத்துப் பேசும் இன்னொரு சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. இரு சாராருமே தேறினார்கள்.

இங்கேதான் சரித்திரம் நம் பெருமையைச் சற்றுக் குறைக்கிறது. குடும்பத்தை உள்ளே அழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். மாஞ்செஸ்டரில் விஷம் உட்கொண்டு பிழைத்த 162 சிறுவர் சிறுமியரில் ஒரு பாதியினருடைய வீட்டுக்குச் சமூக சேவகர்கள் நான்கு முறை போய்க் குடும்பத்தோடு பேசினார்கள். 1998-ல் வந்த முடிவு: மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கடுமையான மனச்சோர்வு நோய் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் சாவெண்ணம் குறைந்திருந்தது.

அதைவிடப் பெரியது, லீட்ஸ் நகரத்து டாக்டர் டேவிட் காட்ரெலும் அவர் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் நடத்திய ஆராய்ச்சி. 40 நிலையங்களிலிருந்து 832 பிள்ளைகள். வயது 11 முதல் 17. எல்லாரும் குறைந்தது இரண்டு முறை தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்கள். பாதிப் பேருக்கு ஏறக்குறைய ஆறு மாதத்தில் எட்டு சந்திப்பு என்ற கணக்கில் குடும்ப சிகிச்சை. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. ஒன்றரை வருஷத்துக்குள் மறுபடியும் அதே காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். குடும்ப சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 28; மற்றவர்களில் நூற்றுக்கு 25. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. 2018-ல் இதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதே ஆராய்ச்சியில், பிள்ளைகளின் பொதுவான மனநிலையும் நடத்தையும் குடும்ப சிகிச்சையில் ஓரளவு அதிகம் தேறியதாகப் பெற்றோர் சொன்னார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

இதை நான் என் நண்பரிடமிருந்து மறைக்க விரும்பவில்லை. ஆசை காட்டி அனுப்பினால், முதல் சறுக்கலிலேயே அவர் நம்பிக்கை இழந்துவிடுவார். அல்லது மறுபடியும் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வார். யோசித்துப் பார்த்தால் அந்த எண்கள் இன்னொன்றும் சொல்லுகின்றன. குடும்பம்தான் ஒரே காரணம் என்றால், குடும்பத்தைச் சரிசெய்ததும் நோய் பறந்திருக்க வேண்டும். பறக்கவில்லை. பிள்ளையின் சுபாவம், பள்ளிக்கூடம், சிநேகிதம், மனச்சோர்வு நோய், வெளியே சொல்லாத ஏதோ ஓர் அவமானம் என்று எத்தனையோ இழைகள் பின்னிக் கிடக்கின்றன. வீடு அவற்றில் ஓர் இழை. சில வீடுகளில் அது மிகக் கொடிய இழை என்பதையும் நான் மறுக்கவில்லை. பிள்ளையை வதைக்கிற வீடுகள் உண்டு. அங்கே முதல் வேலை பிள்ளையைக் காப்பாற்றுவது. ஆனால் எல்லா வீட்டையும் அந்த வீடாகவே பார்த்தது மனவைத்தியத்தின் பிழை. என் பிழையும் அதுவே.

நண்பருக்கு நான் எழுதிய பதில் இவ்வளவுதான்: "தங்களை டாக்டர் அழைப்பது கூண்டில் ஏற்ற அல்ல. அப்படி ஏற்றிய காலம் ஒன்று இருந்தது; அதன் சாயல் என் நாவலிலும் இருக்கிறது; அதற்காக என்னை மன்னிக்க வேண்டும். தாங்கள் போய் உட்காருங்கள். குறைவாகப் பேசுங்கள். பெண் சொல்வது தங்களுக்கு நியாயமாகப் படாவிட்டாலும் அப்போதே மறுக்க வேண்டாம். அவளைத் தனியாகவும் டாக்டர் பார்க்கட்டும்; அவள் அவரிடம் சொல்வதையெல்லாம் தங்களிடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் ஆபத்தான பொருள்களை அவள் கைக்கு எட்டாமல் வைப்பது எப்படி என்று டாக்டரிடமே கேட்டுச் செய்யுங்கள். நடுவில் மறுபடியும் ஒரு நாள் நடந்துவிட்டால், எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். இரவு நேரத்தில் தங்களுக்கோ அவளுக்கோ தாங்க முடியாமல் போனால், அரசாங்கம் 2022-ல் ஏற்படுத்திய டெலிமானஸ் என்ற டெலிபோன் சேவை இருக்கிறது, எண் 14416. அதில் பேசுவதற்கு வெட்கப்பட வேண்டாம்."

நாலு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒரே பக்கம்.

"டாக்டர் அறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் அவளை உட்கார வைத்தார்கள். முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. அவளும்தான். மூன்றாம் தடவை போனபோது அவள் ஒன்று சொன்னாள். ராத்திரி என் அறையில் விளக்கு எரிகிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவாளாம். கதவைத் தட்டலாமா என்று நிற்பாளாம். நான் வேலையாக இருக்கிறேன் என்று திரும்பிப் போய்விடுவாளாம். இரண்டு வருஷமாக. எனக்கு இது தெரியாது ஐயா. போன மாதம் மறுபடியும் ஒரு நாள் செய்துகொண்டாள். ஆனால் அன்றைக்கு அவளே வந்து கதவைத் தட்டிச் சொன்னாள்."

அதற்குக் கீழே அவர் கையெழுத்து மட்டும் இருந்தது. குற்றவாளி யார் என்று அவர் இந்தத் தடவை கேட்கவில்லை.